அந்துப்பூச்சியின் வயிற்றில் ஒரு பை

கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு ஒட்ட மிருகம் கிடைக்காத காலம் ஒன்று வந்தது. சிங்கம், புலி, யானையெல்லாம் தாத்தாமார் காலத்திலேயே தீர்ந்துவிட்டன. அப்பாமார் மான், மயில், அணில், ஒட்டகம், காண்டாமிருகம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கத்தரிக்கோல், பம்பரம், சைக்கிள் மணி, அரைமூடித் தேங்காய் என்று வீட்டுச் சாமான்களில் கை வைத்தார்கள். கடைசியாகத் தொழிலுக்கு வந்த தவசிக்கு இந்தப் பூலோகத்தில் மிச்சம் இருந்தது அந்துப்பூச்சி மட்டும்தான்.

மீசை முளைத்த நாளிலிருந்து விஜயராஜ் முதலாளியின் தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்கியவர் தவசி. அந்த ஆபீசின் கங்காரு மார்க் பெட்டி, அண்டை மாநிலங்களில்கூடப் பேர்போனது. ஒருநாள் தவசிக்கும் முதலாளியாகும் ஆசை வந்தது. ஊருக்குத் தெற்கே கரிசல் காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார். மருந்து கலக்கவும் குச்சி முக்கவும் அவர். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் அவர் மனைவி சுடலையம்மாளும் தெருப் பெண்கள் கொஞ்சப் பேரும்.

லேபிளில் என்ன படம் போடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பல்பைச் சுற்றி வந்த அந்துப்பூச்சி ஒன்று சுவரில் உட்கார்ந்தது. தவசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஊர்ல எல்லாரும் புலி, சிங்கம்னு ஒட்டுதாவ. நாம போயி தானியத்தை அரிக்கிற பூச்சியவா ஒட்டணும்?" என்றாள் சுடலையம்மாள்.

"அதான் ஏட்டி விஷயமே. இதை ஒருத்தனும் வந்து என்னுதுன்னு சொந்தம் கொண்டாட மாட்டான்."

தவசி தன் வாழ்க்கையில் தப்பாகக் கணக்குப் போட்டது அந்த ஒரு தடவைதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பூச்சிப் பெட்டி விற்றது. ஏன் விற்றது என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்கடைகளில் "ஒரு பூச்சி குடுங்க" என்று கேட்டு வாங்குவதில் சனங்களுக்கு ஒரு குஷி. குச்சியும் முதல் உரசலிலேயே பற்றியது. இப்படிச் சரக்கு சூடு பிடித்திருந்த நேரத்தில்தான் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

மன்றம் என்றால் தென்வட்டாரத் தீப்பெட்டிச் சின்னங்கள் ஒப்பீட்டு மன்றம். ஒருத்தர் மார்க்கை இன்னொருத்தர் திருடாமல் பார்த்துக்கொள்வதற்காகப் பெரிய முதலாளிகள் சேர்ந்து ஏற்படுத்தியது. அதன் முத்திரை இல்லாத பண்டலை எந்த லாரி ஆபீசும் ஏற்றாது, எந்த மொத்தக் கடையும் இறக்காது. நோட்டீசில் இருந்த விஷயம் இதுதான்: தவசியின் அந்துப்பூச்சி, விஜயராஜின் கங்காருவைப் போலவே இருப்பதால் வாங்கும் பொதுமக்கள் குழம்புகிறார்கள். விசாரணை முடியும்வரை ஒரு பண்டல்கூடக் கொட்டகையை விட்டு வெளியே போகக்கூடாது.

தவசி முதலில் சிரித்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. புரட்டாசி பிறந்திருந்தது. ஐப்பசி மழை விழுந்தால் கரிசல் மண் தண்ணீரைக் குடித்துவிட்டு லேசில் ஈரத்தை விடாது. தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்த தீப்பெட்டி ஈரம் கோத்தால் குச்சியில் இருக்கிற மருந்து மாவாகப் பிசுபிசுத்துவிடும். மழைக்கு முன்னால் சரக்கு வெளியேறினால் தவசி முதலாளி. வெளியேறாவிட்டால் மறுபடியும் விஜயராஜ் ஆபீசில் மருந்து கலக்கப் போக வேண்டியதுதான்.

மன்றம் மெயின் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. தலைவர் முத்துகிருஷ்ணன் ஏதோ ஒரு இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகா என்று அவரும் சொன்னதில்லை, கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. அவருக்குக் கீழே எழுத்தர், காவலாளி, டீ வாங்குபவர் எல்லாமே சோலை என்ற ஒரே ஆள்.

"ஐயா, கங்காரு குதிக்கும். இது பறக்கும். பாத்தாலே தெரியுமே ஐயா" என்றார் தவசி.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் தவசி, பார்த்தாலே தெரியும் என்பது பாமர வாதம். பார்த்தாலே தெரிந்துவிடுமானால் மன்றம் எதற்கு? நான் எதற்கு? இந்த மின்விசிறி எதற்கு? இங்கே இத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வித்தியாசத்தையாவது அவசரப்பட்டு ஒத்துக்கொண்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது."

அது உண்மைதான். பம்பரமும் பூண்டும் ஒன்று என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். ரயிலும் பூரானும் ஒன்று என்று சொன்னவரும் அவரே. அந்தப் பூரான்காரர் இப்போது மணியாச்சி ஜங்ஷனில் டீ விற்கிறார்.

"வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு வழியே கிடையாதா ஐயா?"

"ஏன் இல்லை? மன்றத்தில் இரண்டு பிரிவு. இது ஒப்புமைப் பிரிவு. வித்தியாசமெல்லாம் பக்கத்து அறை, வேறுபாட்டுப் பிரிவு."

தவசி எழுந்து எட்டிப் பார்த்தார். மேஜை இருந்தது. நாற்காலி இருந்தது. நாற்காலிக்குப் போட்ட பாலித்தீன் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. ஆள் இல்லை.

"உறுப்பினர் இன்னும் நியமிக்கப்படவில்லை" என்றார் தலைவர். "சொந்த மார்க் வைத்துத் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். ஆனால் கையில் இப்போது மார்க் இருக்கக் கூடாது. நடுநிலைமை முக்கியமில்லையா? பூரான்காரரைக் கேட்டுச் சோலையை அனுப்பினோம். அவர் சோலைக்கு ஒரு டீயைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்."

"டீ நல்லா இருந்துச்சு" என்றார் சோலை.

அடுத்த விசாரணை நேரடிப் பார்வை. இரு தரப்பும் தத்தம் விலங்கை மன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். தவசிக்கு அன்றுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. பூச்சி பிடிப்பது ஒரு வேலையா? காலித் தீப்பெட்டியில் ஒன்றைப் பிடித்துப் போட்டுக்கொண்டார். கங்காருவுக்கு விஜயராஜ் எங்கே போவார்?

விஜயராஜ் புதியம்புத்தூருக்குப் போயிருந்தார். உள்பாவாடை தைக்கிற கம்பெனியில் சொல்லி, மிஞ்சிய காவித் துணியில் பஞ்சடைத்து ஆளுயரத்துக்கு ஒரு கங்காரு தைத்துக் கொண்டுவந்திருந்தார். வயிற்றுப் பைக்கு ஜிப் கூட வைத்திருந்தது. மன்றம் எழுந்து நின்று அதை வரவேற்றது.

தலைவர் தவசியின் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். "இது அந்துப்பூச்சிதான் என்பதற்கு என்ன சான்று? வண்ணத்துப்பூச்சியாக இருந்தால்?"

"அந்தக் கங்காருக்கு என்ன சான்று ஐயா? அது உள்பாவாடை."

"எதிர்த்தரப்பு விலங்கைத் தரக்குறைவாகப் பேசாதீர்கள்."

இந்த நேரம் பார்த்துப் பூச்சி பறந்துவிட்டது. டியூப்லைட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. தவசி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அது நேராக வந்து கங்காருவின் வயிற்றில், ஜிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறகை விரித்து ஒட்டிக்கொண்டது. காவித் துணியில் இருக்கிற இடமே தெரியவில்லை.

"எழுதிக்கொள் சோலை" என்றார் தலைவர். "இரு விலங்குகளும் நிறத்தால் ஒத்திருந்தன. ஒன்றையொன்று கண்டதும் எவ்விதத் தயக்கமுமின்றி உறவினரைப் போல் நெருங்கின."

தன் பூச்சியே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதே என்று தவசிக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து சுடலையம்மாளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்த பண்டல்களைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்னைக்குங்க வெளிய போகும்?"

"போயிரும் ஏட்டி. அடுத்த தடவை படிச்சவரைக் கூப்புடுதாவ. பூச்சி சாஸ்திரம் தெரிஞ்சவரு."

படிச்சவர் ஆறுமுகசாமி, கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். கட்டுக்கட்டாகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். "கங்காருவுக்கு முதுகெலும்பு உண்டு. பால் கொடுக்கும். அந்துப்பூச்சிக்கு முதுகெலும்பே கிடையாது, ஆறு கால், முட்டையிடும்" என்று அவர் ஆரம்பித்ததுமே தவசிக்கு உயிர் வந்தது.

தலைவர் கையை உயர்த்தினார். "அதெல்லாம் பக்கத்து அறைக்கு. இங்கே ஒப்புமை மட்டும் சொல்லுங்கள்."

"ஒப்புமையே கிடையாதுங்களே."

"யோசியுங்கள், பேராசிரியரே. இவ்வளவு படித்திருக்கிறீர்கள்."

அவர் யோசித்தார். வேர்த்தது. "இரண்டும் மூச்சு விடும்" என்றார். சோலை எழுதினார். "இரண்டும் வெயில் தாழ்ந்துதான் அதிகம் நடமாடும்." சோலை எழுதினார். தலைவர் இன்னும் இன்னும் என்று கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தார். மனிதருக்கு வாய் தவறிவிட்டது: "கங்காருக் குட்டி பாதி வளர்ச்சியோடு பிறந்து, தாய் வயிற்றுப் பைக்குள் போய்த்தான் முழுசாக வளரும். அதனால் அதைப் பைப்பாலூட்டி என்கிறோம். அந்துப்பூச்சியும் ஒருவகையில்... அதன் புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, அதற்குள் இருந்துதான்..."

"பை!" என்று தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கூடுங்க."

"பைதான். உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று. சோலை, பெரிய எழுத்தில் எழுது."

படியிறங்கும்போது பேராசிரியர் தவசியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் எவ்வளவோ வருஷம் பாடம் நடத்தியிருக்கேன் தம்பி. ஒரு பய கவனிச்சதில்ல. இன்னைக்குத்தான் நான் சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாங்க. பயமா இருக்கு" என்றார். அவர் மேல் தவசிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

இனி பாக்கி இருந்தது நுகர்வோர் சோதனை. சராசரி நுகர்வோர் ஒருவர் இரண்டு பெட்டியையும் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். சராசரி நுகர்வோராகச் சோலை நியமிக்கப்பட்டார். மக்கள் தீப்பெட்டியைத் தேடுவது கரண்ட் போன பிறகுதான் என்பதால், சோதனையை இருட்டில் நடத்துவதே முறை என்று தலைவர் விளக்கினார். பட்டப்பகலில் ஜன்னல்களை அடைத்து, கம்பளி தொங்கவிட்டு, விளக்கை அணைத்தார்கள்.

"நுகர்வோரே, உங்கள் வலது கையில் இருப்பது என்ன சின்னம்?"

"ஐயா, எனக்கு வலது கையே தெரியல."

"இடது கையில்?"

"அதுவும் அப்படித்தான் இருக்குய்யா."

"இரண்டும் ஒரே மாதிரி இருப்பதாக நுகர்வோர் தெரிவித்தார்" என்று இருட்டுக்குள் தலைவரின் குரல் கேட்டது. அதை எழுத வேண்டியவரும் சோலைதான். எழுத வெளிச்சம் வேண்டும். ஸ்விட்சைத் தேடப்போன விஜயராஜ் கங்காருவில் இடித்து விழுந்தார். "யாரிடமாவது தீப்பெட்டி இருக்கிறதா?" என்று தலைவர் கேட்டார். தீப்பெட்டி மன்றத்தில் தீப்பெட்டி இல்லை. சோலை கையில் இருந்தவை சாட்சியப் பொருள்கள், அரக்கு முத்திரை வைத்தவை. கடைசியில் விஜயராஜ் தரையில் கிடந்தபடியே சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார்.

அன்று தவசி வெளியே வந்தபோது தெருவில் மண் வாசனை கிளம்பியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அது நல்ல வாசனை. தவசி ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போனார். சுடலையம்மாளும் பெண்களும் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று கத்தினாள் சுடலையம்மாள்.

"இன்னும் முடிவாகல!"

"பூச்சியும் கங்காரும் ஒண்ணா வேறயான்னு அவிய முடிவு கட்டுததுக்குள்ள, நம்ம குச்சியும் களிமண்ணும் ஒண்ணாயிரும்!"

அவள் சொன்னது தீர்ப்பு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒருநாள் தவசி ஒரு பெட்டியைப் பிரித்து உரசினார். மருந்து பெட்டியின் உரசு பட்டையில் இழுகிக்கொண்டு வந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. அவர் பெட்டி பெட்டியாகப் பிரித்து உரசிக்கொண்டே இருந்தார். சுடலையம்மாள் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். குச்சி அடுக்க வந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். விஜயராஜ் ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்கு முந்தின நாளே தெரிந்திருந்தது.

தீர்ப்பு இப்படி வந்தது: அந்துப்பூச்சியும் கங்காருவும் ஒரே விலங்கு. அந்த விலங்கு விஜயராஜுக்குச் சொந்தம். ஆகவே அந்துப்பூச்சியும் அவருக்கே சொந்தம்.

"ஏலே தவசி, மனசுல எதையும் வச்சுக்கிடாத" என்று படிக்கட்டில் வைத்து விஜயராஜ் தோளைத் தட்டினார். "பூச்சி எங்க போயிரும்? நம்ம ஆபீசுலதான் இருக்கும். நீயும் வந்துரு. மருந்து கலக்க ஆள் சரியில்ல."

அந்த வாரமே ஹுமாயூன் அண்ணாச்சி பெட்டிக்கடையில் பூச்சிப் பெட்டி மறுபடி வந்து இறங்கியது. தவசி வாங்கிப் பார்த்தார். அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே சிறகு. வயிற்றில் மட்டும் ஒரு பை இருந்தது. பைக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பூச்சி எட்டிப் பார்த்தது. மன்றத் தீர்ப்புக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, பூச்சிக்கு எங்கயாவது பை இருக்குமா?" என்றார் தவசி.

ஹுமாயூன் வாங்கிப் பார்த்தார். "நான் முந்தியே இருந்துச்சுன்னுல்லா நெனச்சேன்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மருந்து கலக்கப் போக தவசிக்கு மனம் வரவில்லை. வேறுபாட்டுப் பிரிவில் மேல்முறையீடு கொடுத்துவிட்டு, காலி நாற்காலிக்கு எதிரே தினமும் போய் நின்றார். அவரைப் பார்க்கப் பார்க்கச் சோலைக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. "தவசி அண்ணாச்சி, நீங்க சொந்த மார்க் வச்சுத் தொழில் பண்ணுனவுக. இப்ப உங்ககிட்ட மார்க்கும் இல்ல. அந்த நாற்காலிக்கு ஏத்த ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான்."

தலைவர் ஒரு சால்வை போர்த்தி அவரை நியமித்தார். "பறிகொடுத்தவரையே பதவியில் அமர்த்துகிற மன்றம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? நமது நீதியால் பாதிக்கப்பட்டவர்கள் பெருகப் பெருக, நமக்குத் தகுதியான ஆட்களும் பெருகுவார்கள்" என்று பேசினார். சோலை கைதட்டினார்.

தவசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூச்சி வேறு, கங்காரு வேறு என்று ஒரே ஒரு வரி. அதை எழுதிவிட்டு இறங்கிவிடலாம். சுடலையம்மாள் மட்டும் நம்பவில்லை. "பதவிய இவ்வளவு சுளுவா யாருங்க குடுப்பா?" என்றாள்.

பிரிவில் இருந்தது ஒரே ஒரு மேல்முறையீடு, தவசியுடையது. விசாரணை நாளில் தவசி பாலித்தீன் உறையைப் பிரித்து உட்கார்ந்தார். சோலை வாசலில் நின்று, "மனுதாரர் தவசி!" என்று கூப்பிட்டார்.

"இங்கன இருக்கேன்லா."

"உறுப்பினர் குறுக்க பேசக்கூடாதுய்யா. மனுதாரர் முன்னால வந்து நிக்கணும்."

தவசி எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். சோலை நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. உறுப்பினர் வராததால் ஒத்திவைப்பு.

அடுத்த தடவை, முன்னால் வந்து நிற்கத் தனக்குப் பதிலாகச் சுடலையம்மாளைக் கூட்டிப் போனார். உறுப்பினரின் உறவினர் ஆஜராக விதியில் இடமில்லை என்று தலைவரே பக்கத்து அறையிலிருந்து வந்து வருத்தத்தோடு சொன்னார். பதவியை விட்டுவிடலாமா என்று தவசி கேட்டார். விடலாம், அடுத்த தகுதியான ஆள் கிடைக்கிறவரை பிரிவு மூடியிருக்கும் என்றார் தலைவர். சுடலையம்மாள் அந்த இரண்டு அறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள். தவசி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசி விசாரணை அன்று பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. சோலை கூப்பிட ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது.

"மனுதாரர் தவசி!"

தவசி நாற்காலியில் இருந்தபடியே சட்டைப் பையைத் தடவினார். பை வைத்த பூச்சிப் பெட்டி இருந்தது. உரசினார். ஒரே உரசலில் நன்றாகப் பற்றியது. அவர் சொல்லிக் கொடுத்த பக்குவத்தில்தான் இன்னும் கலக்குகிறார்கள்.

"மனுதாரர் தவசி!"

தவசி குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மேஜைக்கு எதிரே ஆள் வந்திருக்கிறாரா என்று பார்த்தார். யாரையும் காணோம்.

"மனுதாரர் தவசி!" என்று மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, சோலை உள்ளே வந்து அந்த வெளிச்சத்திலேயே எழுதினார். "மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி." பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். "உறுப்பினர் கையெழுத்து இங்கன, ஐயா."

குச்சி விரலை நெருங்கிக்கொண்டிருந்தது. அணைவதற்குள் கையெழுத்தைப் போட்டாக வேண்டும். தவசி போட்டார்.